அமாவாசையன்று வந்த லேப்டாப்

பழைய லேப்டாப் செத்ததற்குக் காரணம் எங்கள் வீட்டுத் தறிகள்தான் என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. முதல் தடவை ஹார்ட் டிஸ்க் போனபோது கடைக்காரர், "பழசாயிடுச்சுங்க" என்று சொல்லி வேறொன்று மாட்டிக் கொடுத்தார். அதுவும் போனபோது, "உங்க கைராசிங்க" என்று சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் லேப்டாப்பை அவர் தலையிலேயே போட்டிருப்பேன். என் மேஜைக்குப் பின்னால் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் எட்டு விசைத்தறிகள். காலையில் ஸ்விட்ச் போட்டால் விளக்கு வைக்கும் வரை ஓடும். மேஜைமேல் டம்ளரில் தண்ணீர் வைத்தால் அது நடுங்கிக்கொண்டே இருக்கும். உள்ளே தட்டு சுற்றுகிற பழைய மாதிரி டிஸ்க் அந்த ஆட்டத்தை எத்தனை நாள் தாங்கும்? மேஜையை வேறு இடத்தில் போடலாமே என்று கேட்பீர்கள். வேறு இடம் கிடையாது. மிச்ச இடமெல்லாம் நூல் மூட்டைகளும் மடித்துக் கட்டிய லுங்கிகளும்தான்.

கல்யாணத்துக்கு அப்புறமும் கொஞ்ச காலம் திருத்தணியிலிருந்து தினமும் ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போய்வந்தவள் நான். டேட்டாபேஸ் வேலை. ஒரு கம்பெனியின் விற்பனை, சரக்கு, சம்பளம் எல்லாம் எந்தப் பெட்டிக்குள் எப்படி அடுக்கியிருக்கிறது, கேட்டால் எவ்வளவு சீக்கிரம் எடுத்துக் கொடுக்கும், விழுந்தால் எப்படித் தூக்கி நிறுத்துவது, இதெல்லாம் என் பொறுப்பு. மகள் பிறந்ததும் நின்றேன். அவள் இப்போது மூன்றாம் வகுப்பு. இடையில் வீட்டிலிருந்தே சில்லறை வேலைகள் செய்து பார்த்தேன். அப்படி ஒருவருடைய வேலை பாதியில் இருக்கும்போதுதான் இரண்டாவது டிஸ்க் போனது. வேலை கொடுத்தவரும் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

அப்போதுதான் பழைய ஆபீஸ் தோழி ஒருத்தி கூப்பிட்டாள். பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு ஆள் வேண்டும், வீட்டிலிருந்தே செய்யலாம், லேப்டாப் மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும். முதலில் ஒரு தேர்வு. நம் லேப்டாப்பின் திரையை அவர்களுக்குக் காட்டிக்கொண்டே அவர்கள் கொடுக்கிற வேலையைச் செய்து காட்ட வேண்டும். இத்தனை வருஷம் வீட்டில் இருந்தவளை யார் கூப்பிடுவார்கள்? இது நழுவினால் அடுத்தது வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும். "முன்னாடி வேலைக்குப் போயிட்டிருந்தாங்க" என்று என்னைப் பற்றி மற்றவர்கள் சொல்லும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் நான்.

தேதியை என்னையே சொல்லச் சொன்னார்கள். காலண்டரைப் பார்த்தேன். யோசிக்கவே இல்லை, அமாவாசை என்றேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கம் நெசவுக்கு அமாவாசைதான் லீவு. ஞாயிற்றுக்கிழமை ஓடும். பண்டிகைக்கு முந்தின நாள் ஓடும். கிருத்திகைக்கு ஊரே மலைமேல் இருந்தாலும் இங்கே தறி ஓடும். அமாவாசையன்று மட்டும் ஒன்றுகூட அசையாது. அன்றைக்குத் தறிகளைத் துடைத்து, எண்ணெய் விட்டு, சூடம் காட்டி நிறுத்திவிடுவார் வதினா. வதினா என்றால் என் கணவரின் அக்கா. அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு, அதனால் நானும் வதினா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். கல்யாணமாகிப் போன இடம் சரிப்படாமல் திரும்பி வந்து, அம்மையார்குப்பத்தில் இருந்த தறிகளைத் திருத்தணிக்குக் கொண்டுவந்து போட்டு, ஆள் வைத்து ஓட்டுகிறவர் அவர்தான். என் கணவர் நூல் வாங்குவதையும், நெய்த சரக்கைப் பொதட்டூர்பேட்டையில் கொண்டுபோய்ப் போடுவதையும் பார்த்துக்கொள்வார்.

கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். மனுஷர் நல்லவர், குறுக்கே நிற்கிற ரகமில்லை.

"வாங்கிக்கோ. உனக்கும் பொழுது போவும்" என்றார்.

பொழுது! விடிந்ததிலிருந்து எனக்கு உட்காரப் பொழுது இல்லை, இவர் போக்குவதற்கு லேப்டாப் வாங்கித் தருகிறாராம். "பொழுது போறதுக்கு இல்லீங்க, இது வேலை" என்றேன். "ஆங், அதான் சொல்றேன்" என்றார். அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதற்கப்புறம் பிடித்தது ஒரு பைத்தியம். எந்த லேப்டாப் வாங்குவது என்பதைத் தவிர வேறெதையும் நினைக்க முடியவில்லை. குழம்பு கொதிக்கும்போது போனில் ஒரு வீடியோ, மகள் தலையைப் பின்னும்போது இன்னொன்று. ஒருவன் ஒன்றைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவான், அடுத்தவன் அதையே குப்பை என்பான். காலையில் முடிவு செய்ததை மத்தியானம் மாற்றுவேன். சாயங்காலம் மறுபடி பழையதற்கே வருவேன். பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு மனசுக்குள் ரேம் கூட்டிக்கொண்டிருப்பேன்.

வேண்டியது என்ன என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. முதலில் ரேம். லட்சக்கணக்கான வரிகளை ஒரே நேரத்தில் ஏந்திக்கொள்கிற கை அது. கை சின்னதாக இருந்தால் பாதியை ஏந்தி, மீதியைக் கீழே வைத்து, மறுபடி குனிந்து எடுத்து, நம் உயிரை வாங்கிவிடும். பின்னால் தேவைப்பட்டால் கூட்டிக்கொள்ளும்படி இடமும் இருக்க வேண்டும். அடுத்தது, சுற்றுகிற தட்டே இல்லாத டிஸ்க். அதற்கு எட்டுத் தறி என்ன, எண்பது ஓடினாலும் கவலையில்லை. அடுத்தது அகலமான திரை. நீளநீளமான அட்டவணைகளை வலப்பக்கமும் இடப்பக்கமும் தள்ளித் தள்ளிப் பார்ப்பதைப் போல எரிச்சல் வேறில்லை. கடைசியாக ஃபேன். இதில்தான் நான் தடுமாறினேன். ஃபேனே இல்லாத மெலிந்த லேப்டாப் ஒன்று இருந்தது. அப்படியே அப்பளம். வெள்ளிக்கலர். பார்த்ததிலிருந்து அது என்னைத் தூங்கவிடவில்லை. ஆனால் கனமான வேலை கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். படம் பார்க்க, கடிதம் எழுத அது போதும். ஒரு பெரிய பேக்கப்பைத் தூக்கி நிறுத்த அது ஆகாது. மனசு அப்பளத்திடம் போகும், புத்தி பிடித்து இழுக்கும்.

ஆன்லைனில் வாங்கவில்லை. ஏதாவது ஆனால் சண்டை போட எனக்கு எதிரில் ஒரு முகம் வேண்டும். அதனால் டிஸ்க் மாற்றிக் கொடுத்த அதே கடைக்குப் போனேன். கைராசி என்று சொன்ன அதே ஆள்.

"புள்ளைக்குங்களா?" என்றார்.

"இல்லீங்க, எனக்கு."

"அப்போ டேலில கணக்கு போடறதுக்கா?"

"டேட்டாபேஸ் வேலைக்கு."

"ஆங், ஆங்" என்று தலையாட்டிவிட்டு, ரோஸ் கலரில் ஒன்றை எடுத்து வைத்தார். கேமரா நல்லா இருக்குமாம், பாட்டு சத்தம் நல்லா வருமாம். நான் பேப்பரில் எழுதிக்கொண்டு போனதை நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மேடம், இவ்ளோ ரேமு இன்னாத்துக்கு? வீட்ல சும்மா வச்சிருக்கறதுக்கு இது போதும்ங்க" என்று ரோஸைத் தட்டினார். சும்மா வைத்திருப்பதற்கு ஊறுகாய் ஜாடி வாங்கிக்கொள்கிறேன், உங்கள் கடைக்கு எதற்கு வருகிறேன் என்றேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். நல்ல மனுஷர்தான்.

கடைசியில் அப்பளத்தை விட்டேன். தடியாக, கறுப்பாக, கையில் தூக்கினால் தோள் இறங்குகிற ஒன்றைத்தான் சொன்னேன். ரேம் கூட்ட இடம் உண்டு, உள்ளே இரண்டு ஃபேன். கடையில் இருப்பு இல்லை, மெட்ராஸிலிருந்து வரவழைக்க வேண்டும். "நாளைக்கு வந்துரும்ங்க" என்றார். மறுநாளும் அதையேதான் சொன்னார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. நான் போன் செய்தால் "வந்துகினே இருக்குதுங்க" என்பார். சென்னையிலிருந்து திருத்தணிக்கு லேப்டாப் என்ன காவடி எடுத்துக்கொண்டு நடந்தா வருகிறது? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாத்திரங்களை நான் வைக்கிற வேகத்தைப் பார்த்து மகள், "நைனா, அம்மாவுக்குக் கோவம்" என்று அவள் அப்பாவிடம் போய்ச் சொன்னாள்.

வந்தது அமாவாசை அன்று காலையில். தேர்வு அன்றைக்கு மத்தியானத்துக்கு முன்னால். கடைக்காரர் போன் செய்ததும் செருப்பைத் தேடினேன். வதினா தறிக்கூடத்திலிருந்து வந்தார். கையில் எண்ணெய்த் துணி.

"எங்கம்மா பறக்கற?"

"லேப்டாப்பு வந்துட்டுது வதினா. எடுத்தாந்துடறேன்."

"இன்னிக்கு அமாசையாச்சே. புது மிசினு வாசப்படி தாண்டக் கூடாது."

நான் கனகம்மாசத்திரம் பக்கம், விவசாயக் குடும்பம். எங்கள் வீட்டில் அமாவாசை என்றால் நிறைந்த நாள். புது மாடு வாங்கினாலும் வண்டி வாங்கினாலும் அமாவாசையாகப் பார்த்து ஓட்டி வருவார் அப்பா. தெலுங்கு பேசுகிற இந்த வீட்டில் அமாவாசையில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து இதை நான் சிரித்துக்கொண்டே கடந்து வந்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"உங்களுக்கு அமாசை ஆகாது, எங்களுக்கு மறுநாள் வர்ற பாட்டிமை ஆகாது. ரெண்டையும் பாத்துகினு இருந்தா எப்பதான் வதினா நான் ஒண்ணு வாங்கறது? இன்னும் கொஞ்ச நேரத்துல பரிச்ச!"

"பரிச்ச எழுது, நான் வேணான்னு சொல்லல. உள்ள கொண்டாராத, அவ்ளோதான்."

உள்ளே கொண்டுவராமல் பரீட்சையைத் தெருவில் உட்கார்ந்து எழுதவா? கணவரைப் பார்த்தேன். அவர் அக்காவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், அப்புறம் ரொம்ப முக்கியமாக எதையோ தேடுகிறவர் மாதிரி சட்டைப் பையைத் தடவினார். தாங்க முடியாமல் வாசல் கதவைத் தடாலென்று சாத்திவிட்டு வெளியே வந்தேன். ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊர் உலகத்தில் எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள், எனக்கு மட்டும் வாசலில் வந்து நிற்கிறது அமாவாசை.

கடையிலேயே உட்காருவது என்று முடிவு செய்தேன். கடைக்காரரிடம் சொன்னதும் தன் நாற்காலியை எழுந்து கொடுத்தார். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில், கவுண்டருக்குப் பின்னால் இடம். பெட்டியைப் பிரித்து ஸ்விட்ச் போட்டேன். நீலத்திரை வந்தது. அப்டேட் ஆகிறது, அணைக்க வேண்டாம் என்றது. நான் அங்கேயே செத்தேன். எண் நகரவே மாட்டேன் என்கிறது. நகத்தைக் கடித்தேன், எழுந்து நின்றேன், மறுபடி உட்கார்ந்தேன்.

"மலையப் பாத்துக் கும்புட்டுக்குங்க மேடம். வேற வழியில்ல" என்றார் கடைக்காரர். கடை வாசலிலிருந்து மலை தெரியும். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார், நான் நிஜமாகவே கும்பிட்டேன்.

அப்டேட் முடிந்து, வேண்டிய மென்பொருளைப் போனிலிருந்து இணையம் கொடுத்து இறக்கி, நிறுவி முடிக்கவும், அவர்கள் கூப்பிடவும் சரியாக இருந்தது. திரையில் இரண்டு பேர். ஓர் ஆண், ஒரு பெண். ஒரு கடையின் விற்பனை விவரம் என்று ஒரு பெரிய பேக்கப்பைக் கொடுத்தார்கள். முதலில் அதைத் தூக்கி நிறுத்த வேண்டும். பிறகு அதிலிருந்து ஓர் அறிக்கை எடுப்பதற்கு ஏன் இவ்வளவு நேரமாகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

பேக்கப்பை ஓடவிட்டேன். ஃபேன் இரண்டும் உறுமத் தொடங்கின. எனக்கு அந்தச் சத்தம் எவ்வளவு பிடித்தது என்று சொல்ல முடியாது. கறுப்புத்தடியன் மூச்சு வாங்காமல் தூக்கி வைத்தான். அறிக்கையில்தான் மாட்டிக்கொண்டேன். தேடுவதற்குச் சுலபமாக இண்டெக்ஸ் போட்டேன், வேகம் கூடவில்லை. இன்னொன்று போட்டேன், அப்போதும் இல்லை. இதற்கிடையில் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஒரு குடும்பமே கடைக்குள் வந்து போன் சார்ஜர் கேட்டது. பக்கத்தில் ஜெராக்ஸ் மெஷின் ஓடியது. மலைக்குப் போகிற வேன் ஒன்று வாசலிலேயே நின்று ஹாரன் அடித்தது. அட்டவணையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தவள் அப்படியே நின்றேன். தேதியைத் தேதியாக வைக்காமல் சாதாரண எழுத்தாக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வரியையும் தேதியாக மாற்றிப் பார்த்துத் திணறிக்கொண்டிருந்தது அது. மாற்றிவிட்டு ஓடவிட்டேன். பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் அறிக்கை வந்து நின்றது.

அந்தப் பெண்ணும் தமிழ்தான். "ஒண்ணு கேக்கலாமா? ஏன் இவ்வளவு சத்தமா பேசறீங்க? எங்களுக்கு நல்லாவே கேக்குது" என்றார்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது, ஆரம்பத்திலிருந்து நான் கத்திக்கொண்டிருந்தேன். தறி ஓடுகிற வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம், தறி நின்றாலும் குரல் இறங்காது. மழுப்ப நினைத்தேன், முடியவில்லை. வீட்டில் எட்டுத் தறி இருக்கிறது, அமாவாசைக்குத்தான் நிற்கும், அதனால்தான் இந்தத் தேதியைச் சொன்னேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்படியானால் மற்ற நாளில் எப்படிப் பேசுவீர்கள் என்றார் அந்த ஆண். காலையில் தறி கிளம்புவதற்கு முன்னாலும், சாப்பாட்டுக்கு நிற்கும்போதும் பேசுகிறேன், மற்ற நேரத்தில் எழுதி அனுப்புகிறேன், வேலை நிற்காது என்றேன். இருவரும் மைக்கை அணைத்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ பேசினார்கள். வாயசைவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மைக் திரும்ப வந்தது. திங்கட்கிழமையிலிருந்து சேர்ந்துகொள்ளுங்கள் என்றார்கள்.

கடைக்காரர் எனக்கு ஒரு டீ சொன்னார். அது வருவதற்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்துவிட்டேன். வேலை கிடைத்தாயிற்று, இனி எந்த அமாவாசை என்னை என்ன செய்யும்? பெட்டியோடு நேராக உள்ளே போவது, மேஜைமேல் வைப்பது, யார் என்ன சொன்னாலும் சரி. வழி முழுக்க மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

வதினா வாசலிலேயே நின்றிருந்தார். ஆட்டோ நிற்பதற்குள், "கெடச்சுதா?" என்றார்.

"ஆங், கெடச்சுட்டுது."

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. என் கையைப் பிடிக்க வந்தவர், தன் கையிலிருந்த எண்ணெயைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்புறம் பெட்டியைப் பார்த்தார். வாசலை விட்டு நகரவில்லை.

"அது மட்டும் இன்னிக்கு வேணாம்மா."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. தெருவே கேட்கும்படி கத்தினேன். "வேலையே கெடச்சுப்போச்சு வதினா! இன்னும் இன்னா அமாசை? ஒரு லேப்டாப்பு. வெளையாட்டு சாமான் மாதிரி ஒரு லேப்டாப்பு. இதுக்குப் போயி நாள் பாத்துகினு வாசல மறிச்சிகினு நிக்கிறீங்களே!"

அவர் கத்தவில்லை. தறிகள் நின்றிருந்ததால் அவர் மெதுவாகப் பேசியதும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏம்மா, பக்கெட்டு வாங்கியாந்த. மிக்சி வாங்கியாந்த. பாப்பாவுக்கு சைக்கிளு வாங்கியாந்த. எதுக்குனா நான் நாள் பாத்தனா? இது பொழப்பும்மா. வீட்டுக்குப் புதுத் தறி எறக்கற மாதிரிதானே இது? எறக்குன தறி எந்தக் காலத்துக்கும் நிக்கக் கூடாதுன்னுதான் நாள் பாக்கறது. உன்து நின்னுடக் கூடாதும்மா."

பிழைப்பு என்ற வார்த்தையை அந்த வீட்டில் தறிக்கு மட்டும்தான் சொல்வார்கள். என் வேலைக்கு அதுவரை யாரும் அதைச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் தெருவே கேட்க நான்தான் அதை விளையாட்டுச் சாமான் என்றேன்.

அமாவாசை ஆகாது என்பதை அன்றைக்கும் நான் நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை. ஆனால் அந்த வாசலைத் தாண்ட எனக்கு மனசு வரவில்லை. கிளம்பப் போன ஆட்டோவை நிறுத்தி ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நாள் கழியும்வரை அதை அங்கேயே வைத்திருக்கச் சொல்லக் கடைக்கே திரும்பிப் போனேன். வழி முழுக்க அழுதேன். ஆட்டோக்காரர் என்னம்மா ஆச்சு என்று கேட்டார். வேலை கிடைத்துவிட்டது என்றேன்.